புல்வெளியில் ஒரு கலங்கரை விளக்கம்: மரத்தில் செய்த மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் காரில் போனவர்கள் இவற்றைக் கவனித்திருப்பார்கள். வீட்டு முற்றத்தில், பூச்செடிகளின் நடுவே, மரத்தால் செய்த கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கும். சில இடுப்பளவு இருக்கும், சில ஆள் உயரத்தைத் தாண்டும். இருட்டியதும் உச்சியில் விளக்கு சுழலும். அங்கே வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலரும் இவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். வாங்க நினைப்பவர்களுக்கும், தாமே செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

இவற்றைச் செய்பவர்கள் யார்?

பெரும் பகுதி பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்து ஆமிஷ் தச்சுப்பட்டறைகளிலிருந்து வருகிறது. ஒஹாயோவின் ஹோம்ஸ் வட்டாரத்திலும் ஆமிஷ் தச்சர்கள் நிறைய உண்டு. பொது மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதைத் தவிர்க்கும் சமூகம் அது. அதனால் பல பட்டறைகளில் டீசல் எஞ்சின் அழுத்தக் காற்றை உண்டாக்கும்; அந்தக் காற்றில்தான் ரம்பமும் துளைக்கருவியும் ஓடும். தோட்டத்து ஊஞ்சல், நாற்காலி, கருவிக் கொட்டகை ஆகியவற்றோடு சேர்த்தே இதையும் செய்கிறார்கள். இவர்களைத் தவிர, ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொட்டகையில் ஒவ்வொன்றாகச் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு கலங்கரை விளக்கத்தை அப்படியே செய்து தரச் சொல்ல வேண்டுமானால் இந்தத் தனி ஆட்களிடம் போவதுதான் நல்லது. பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே உடலைச் செய்து, மேலே பூசும் வண்ணத்தை மட்டும் மாற்றுவார்கள்.

எந்த விளக்கத்தின் மாதிரியைத் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் நேரில் பார்த்து, ஏறி, காற்று வாங்கிய விளக்கம் ஒன்று இருந்தால் அதையே எடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், வாங்குவதற்கு முன் ஒன்றையாவது போய்ப் பாருங்கள் என்பேன்.

வண்ணத்தின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். கோபுரத்தின் மேல் உள்ள பட்டைகளும் கட்டங்களும் அழகுக்காகப் போட்டவை அல்ல. இரவில் ஒளிவீச்சின் இடைவெளியை வைத்து மாலுமி இடத்தை அறிவான். பகலில் அவனுக்கு உதவுவது வண்ணம்தான். வட கரோலினாவின் தாழ்வான மணல் கரையில் மைல் கணக்கில் எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே உயரமான செங்கல் கோபுரங்கள் நான்கு நிற்கின்றன. கேப் ஹட்டராஸுக்குக் (1870) கறுப்பு வெள்ளைச் சுருள் பட்டை. போடி தீவுக்குக் (1872) கிடைமட்டப் பட்டை. கேப் லுக்அவுட்டுக்குக் (1859) கறுப்பு வெள்ளைச் சாய்சதுரக் கட்டம். கரிடக் கடற்கரைக்கு (1875) வண்ணமே இல்லை. மற்ற மூன்றிலிருந்தும் வேறுபட வேண்டும் என்று செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே மாதிரியில் பட்டை மாறினால் அது வேறு விளக்கம் ஆகிவிடும், அல்லது எந்த விளக்கமாகவும் இல்லாமல் போய்விடும். சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாக நீலப் பட்டை போட்டுத் தரச் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சின்ன முற்றத்துக்கு நியூ ஜெர்சியின் பார்னகட் நன்றாகப் பொருந்தும். மேல் பாதி சிவப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். 1859-இல் ஏற்றப்பட்ட விளக்கம் அது. அதன் கட்டுமானத்தோடு தொடர்புடைய இராணுவப் பொறியாளர் ஜார்ஜ் மீட் பிறகு உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கியவர். நியூ யார்க் பக்கத்தவர்கள் லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் உள்ள மான்டாக்கைத் தேடுவார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் ஆட்சிக்காலத்தில் 1796-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெள்ளைக் கோபுரத்தின் நடுவே பழுப்பு நிறத்தில் ஓர் அகன்ற பட்டை. சிவப்பு வெள்ளைக் கிடைமட்டப் பட்டை பிடிக்கும் என்றால் மெய்ன் மாநிலத்தின் வெஸ்ட் க்வாடி ஹெட் இருக்கிறது, வர்ஜீனியாவின் அசட்டீக் (1867) இருக்கிறது.

மெய்னின் போர்ட்லண்ட் ஹெட்டை (1791) மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. படங்களில் நம்மைக் கவர்வது அந்தப் பாறைமுனையும் பக்கத்தில் உள்ள சிவப்புக் கூரை வீடும்தான். கோபுரத்தைத் தனியே பிரித்துப் புல்லில் நட்டால் சாதாரண வெள்ளைக் கோபுரமாகிவிடும். வீட்டையும் சேர்த்துச் செய்யக்கூடிய தச்சர் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம்.

கடையில் "ஹட்டராஸ்" என்று எழுதியிருக்கிறது. ஆனால் உச்சி சிவப்பாக இருக்கிறதே?

அது புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் (1874). இரண்டுக்கும் கறுப்பு வெள்ளைச் சுருள் பட்டைதான். ஹட்டராஸின் விளக்கறை கறுப்பு, செயின்ட் அகஸ்டினின் விளக்கறை சிவப்பு. சிவப்பு எடுப்பாக இருக்கிறது என்று பலர் ஹட்டராஸுக்கும் அதையே பூசிவிடுகிறார்கள். உச்சியை மீண்டும் பூசச் சொன்னால் முடிந்தது. பெரிய வேலை இல்லை.

ஹட்டராஸுக்கும் லுக்அவுட்டுக்கும் வண்ணம் தவறுதலாக இடம் மாறிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஹட்டராஸுக்கு எதிரே கடலில் உள்ள மணல்திட்டின் பெயர் டைமண்ட் ஷோல்ஸ். அதனால் சாய்சதுரக் கட்டம் அங்கேதான் போயிருக்க வேண்டும், பெயின்டர்கள் குழப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை சுற்றி வருகிறது. 1873-இல் கலங்கரை விளக்க வாரியம் கொடுத்த அறிவிப்பிலேயே லுக்அவுட்டுக்குக் கட்டம், ஹட்டராஸுக்குச் சுருள் என்றுதான் இருந்தது. லுக்அவுட்டில் கட்டங்கள் இருக்கும் முறையைப் பார்த்தாலே அது தவறுதலாகப் பூசியதல்ல என்று புரியும். கறுப்புக் கட்டங்களின் நடு வடக்கையும் தெற்கையும் நோக்கும். வெள்ளைக் கட்டங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கும். லுக்அவுட் மாதிரி வைத்திருப்பவர்கள் ஒரு திசைகாட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் மாதிரியையும் அப்படியே திருப்பி வையுங்கள். செலவில்லாத வேலை, மாதிரியின் மதிப்போ பல மடங்கு உயரும்.

உண்மையான கோபுரம் வட்டமாக இருக்கிறது. மாதிரி ஏன் எட்டுப் பக்கமாக இருக்கிறது?

மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வட்ட உருவத்தைப் பலகையில் கொண்டுவருவது கடினம். எட்டுப் பலகைகளைச் சரிவாக அறுத்து ஒட்டுவது எளிது. மலிவானவற்றில் ஆறு பக்கம் இருக்கும். அது தூரத்திலிருந்து பார்த்தாலும் பெட்டி மாதிரியே தெரியும் என்பதால் எட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உண்மையிலேயே எட்டுப் பக்கமாகக் கட்டப்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. மான்டாக் அப்படித்தான். நியூ ஜெர்சியின் சாண்டி ஹுக்கும் (1764) அப்படித்தான். அமெரிக்காவில் இன்று நிற்கும் விளக்கங்களில் மிகப் பழையது அதுவே. 1905 நவம்பர்ப் புயலில் சுப்பீரியர் ஏரியில் கப்பல்கள் பல சேதமடைந்த பிறகு மினசோட்டாவில் எழுப்பிய ஸ்பிளிட் ராக் (1910), கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பெகிஸ் கோவ் (1915) ஆகியவையும் எட்டுப் பக்கம் கொண்டவை. வடிவத்தில் துல்லியம் வேண்டும் என்பவர்கள் இவற்றில் ஒன்றை எடுத்தால் மரமும் மூலமும் முரண்படாது. ஹட்டராஸில் அடிப்பீடம் மட்டும்தான் எண்கோணம், மேலே கோபுரம் வட்டம்.

எவ்வளவு உயரம் வாங்கலாம்?

புல்வெளியைவிட வீட்டைப் பார்த்து முடிவெடுங்கள். ஒரு மாடி வீட்டின் முன் பன்னிரண்டு அடிக் கோபுரம் வைத்தால் வீடு சிறுத்துப்போகும். ஐந்திலிருந்து ஏழு அடி பெரும்பாலான முற்றங்களுக்குப் போதும். உயரத்தை இரட்டிப்பாக்கினால் பூச வேண்டிய பரப்பு நான்கு மடங்காகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை வண்ணம் பூசும்போதும் அந்த நான்கு மடங்கு உங்கள் தோளில்தான் வந்து விழும்.

உயரத்தைவிட முக்கியமானது விகிதம். ஹட்டராஸ் ஏறத்தாழ 200 அடி. எட்டு அடி மாதிரி என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஏழு அடிக் கதவு அந்தக் கணக்கில் மூன்றரை அங்குலத்தைக்கூடத் தொடாது. கடை மாதிரிகளில் கதவை ஓர் அடிக்கு வைத்துவிடுகிறார்கள், ஜன்னல்களையும் அப்படியே. பார்ப்பவரின் கண் கதவை வைத்துத்தான் உயரத்தை எடைபோடும். பெரிய கதவு வைத்தால் 200 அடிக் கோபுரம் கிணற்றுக் கொட்டகையாகத் தெரியும். வாங்கப் போகும்போது முதலில் கதவைப் பாருங்கள்.

நானே செய்ய முடியுமா?

ரம்பத்தைச் சரிவாகச் சாய்த்து அறுக்கத் தெரிந்தால் முடியும். எண்கோணத்துக்கு ஒரு கணக்குப் போதும்: எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை 0.414 ஆல் பெருக்கினால் ஒரு பலகையின் அகலம் கிடைக்கும். அடியில் 24 அங்குலம் வேண்டுமென்றால் பலகை ஏறத்தாழ 10 அங்குலம். உச்சியில் 12 அங்குலம் என்றால் ஏறத்தாழ 5 அங்குலம். ஓரங்களை 22.5 பாகையில் சாய்த்து அறுக்க வேண்டும். கோபுரம் மேலே சிறுப்பதால் உண்மையான கோணம் அதைவிடச் சற்றுக் குறையும். ஆகவே வீண்பலகையில் எட்டுத் துண்டு அறுத்துச் சேர்த்துப் பார்த்துவிட்டு நல்ல பலகையில் கைவையுங்கள். உள்ளே எண்கோணச் சட்டங்கள் இரண்டு மூன்று வைத்து, அவற்றின் மேல் பலகைகளைப் பொருத்தினால் உடல் முறுக்கிக்கொள்ளாது. விளக்கறையைத் தனியாகச் செய்து, கழற்றி மாட்டும்படி வையுங்கள். பல்பு மாற்றுவதற்கும் உள்ளே கூடு கட்டும் குளவிகளைக் களைவதற்கும் அது வேண்டும்.

எந்த மரம்?

சிடார் இயல்பாகவே மக்குவதைத் தாங்கும், இலேசானது, விலை அதிகம். மருந்து ஏற்றிய பைன் மலிவு, உறுதி, ஆனால் ஈரமாகவே கடைக்கு வரும். வாங்கிய கையோடு அறுத்துப் பூசினால் காயும்போது இணைப்பு விரியும், வண்ணம் உரியும். பல வாரம் அடுக்கி உலர்த்துங்கள். இந்த மருந்தில் செம்பு இருப்பதால் சாதாரண இரும்புத் திருகாணியை அரித்துவிடும். துத்தநாகம் தடிப்பாகப் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோதான் போட வேண்டும். யாரோ இடித்த பழைய மேடையின் பலகை இலவசமாகக் கிடைக்கிறது என்று எடுத்துவராதீர்கள். 2003 இறுதிக்கு முன் விற்ற மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து இருக்கலாம். அதன் தூள் உடலுக்குக் கேடு, எரிப்பது அதைவிடக் கேடு.

பிளைவுட் என்றால் இரு பக்கமும் பிசின் தாள் ஒட்டிய விளம்பரப் பலகை ரகத்தைக் கேளுங்கள். சாதாரண பிளைவுட்டின் ஓரம் தண்ணீரை உறிஞ்சி, இரண்டு குளிர்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். எந்த மரமானாலும் அறுத்த ஓரங்களுக்குத்தான் பிரைமர் முதலில் போக வேண்டும்.

பாலிமர் பலகையில் செய்தவையும் விற்கின்றன. மக்காது, பராமரிப்புக் குறைவு. நேரமே இல்லாதவர்களுக்கு அது சரி. எனக்கு மரம்தான். பட்டை மாறினாலோ உடைந்தாலோ நம் கையாலேயே திருத்த முடிகிறது.

சுருள் பட்டையைக் கோணாமல் பூசுவது எப்படி?

ஹட்டராஸில் ஒவ்வொரு பட்டையும் கோபுரத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி மேலே போகிறது. எட்டுப் பலகைக்கு ஒன்றரைச் சுற்று என்றால் பன்னிரண்டு பலகைகளைக் கடக்க வேண்டும். அடிப்பீடத்துக்கு மேலிருந்து சுற்று மாடம் (விளக்கறையைச் சுற்றி வரும் நடைமேடை) வரையுள்ள உயரத்தைப் பன்னிரண்டு சம பாகமாக்கி, எட்டு மூலைகளிலும் பென்சிலால் குறியுங்கள். பட்டையின் ஓரக்கோடு ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்குப் போகும்போது ஒரு பாகம் ஏற வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் நேர்கோடு இழுத்தால் போதும், தூரத்தில் அது சுருளாகத் தெரியும். எந்தப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது என்பதை மூலத்தின் புகைப்படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதலில் முழுக்க வெள்ளை பூசி, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டுங்கள். டேப்பின் ஓரத்தில் மறுபடி வெள்ளையை ஒருமுறை தடவிவிட்டு அதன்மேல் கறுப்பைப் பூசினால் கறுப்பு கசியாது.

கறுப்புப் பகுதி வெயிலில் அதிகம் சூடாகும். வெள்ளையும் கறுப்பும் சேரும் கோட்டில்தான் முதல் வெடிப்பு வரும். நெகிழ்வுள்ள வெளிப்புற அக்ரிலிக் வண்ணமே அங்கே தாங்கும்.

விளக்கு எப்படி இருக்க வேண்டும்?

பட்டைக்கு உள்ள நியாயம் ஒளிக்கும் உண்டு. ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனி ஒளி இடைவெளி இருக்கிறது. ஹட்டராஸுக்கு 7.5 விநாடிக்கு ஒரு வீச்சு, லுக்அவுட்டுக்கு 15 விநாடிக்கு ஒன்று. ஒற்றைக் கற்றை சுழலும் மோட்டார் என்றால் ஹட்டராஸுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சுற்று வேண்டும். எதிரெதிராக இரண்டு கற்றை என்றால் நான்கு சுற்று. கடையில் வரும் மோட்டார்கள் பலவும் இதைவிட வேகமாகச் சுற்றி, ஆம்புலன்ஸ் வந்து நிற்பதுபோல் ஆக்கிவிடுகின்றன. வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதையே கேளுங்கள்.

எல்இடி பல்பு மட்டும் போடுங்கள். பழைய இழை பல்பின் வெப்பம் விளக்கறையின் அக்ரிலிக் தகட்டை வளைத்துவிடும். 12 வோல்ட் தோட்ட விளக்கு இணைப்புப் போதுமானது. வீட்டின் 120 வோல்ட்டை நேரே கொண்டுவருவதானால் கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்புள்ள வெளிப்புறச் சாக்கெட் வேண்டும், அதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். மண்ணைத் தோண்டுவதற்கு முன் 811-ஐ அழையுங்கள்; எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் போகும் இடத்தை வந்து குறித்துக் கொடுப்பார்கள். சூரிய ஒளியில் இயங்கும் விளக்கு எளிது, ஆனால் குளிர்கால இரவில் சீக்கிரமே மங்கிவிடும்.

எங்கே, எதன் மேல் நிறுத்துவது?

நேரே மண்ணில் வேண்டாம். தண்ணீர் தேங்காத இடத்தில் சரளை பரப்பி, அதன் மேல் கல்பாளம் அடுக்கி, மரத்துக்கும் கல்லுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். அடியில் காற்று புகும் துவாரமும், அதில் பூச்சி வராத வலையும் இருக்கட்டும். புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் கோபுரத்தை நனைக்கக் கூடாது. இவை பாழாவதற்கு மழையைவிட அந்தத் தினசரி நனைவே பெரிய காரணம். புல் வெட்டும் நூல் இயந்திரம் அடிப்பலகையைக் கொத்திவிடும் என்பதால் சுற்றிலும் ஓர் அடிக்குச் சரளையாகவே விடுங்கள்.

உயரமான கோபுரம் காற்றில் சாயும். உள்ளே அடிச்சட்டத்தைத் தரையில் புதைத்த நங்கூரக் கம்பிகளோடு திருகாணியால் பிணையுங்கள். உள்ளே கல் மூட்டை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சூறாவளி வரும் கரையில் அது போதாது.

கிணற்றுக் குழாயை மறைக்க இதை வைக்கலாமா?

பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். ஒரே ஆள் சாய்த்துத் தூக்கக்கூடிய எடையில் இருக்க வேண்டும், அல்லது கதவு திறந்து குழாயின் மூடியை எட்ட முடிய வேண்டும். பழுது பார்க்க வருபவர் கோபுரத்தைப் பிரித்துவிட்டு வேலை பார்க்கும் நிலை வரக் கூடாது.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

குடியிருப்புச் சங்கம் உள்ள இடங்களில் முற்றத்து அலங்காரத்துக்கு விதி இருக்கும். வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உயரமானவற்றுக்கு ஊராட்சியின் கட்டட விதியும் பொருந்தலாம். பக்கத்து வீட்டின் படுக்கையறை ஜன்னலை ஒளிக்கற்றை தொடக் கூடாது; அந்தப் பக்கத் தகட்டின் உள்ளே கறுப்புத் தாள் ஒட்டினால் போதும்.

கடலோ ஏரியோ பார்த்த வீடு என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். கப்பலுக்கு வழிகாட்டும் விளக்கைத் தனியார் நிறுவ அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அனுமதி தேவை. அலங்கார விளக்காகவே இருந்தாலும் படகில் வருபவர் அதை உண்மையானதாக எண்ணிவிடும்படி இருக்கக் கூடாது. நீரை நோக்கிய பக்கத்தை மூடிவிடுவதே முறை. புளோரிடாக் கடற்கரையில் கடலாமைகள் மார்ச் முதல் அக்டோபர் வரை முட்டையிட வரும். குஞ்சுகள் கடலின் வெளிச்சம் என்று எண்ணி வீட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து செத்துப்போகின்றன. கரையிலிருந்து தெரியும் விளக்குக்கு அங்கே பல ஊர்களில் தடை இருக்கிறது. அந்த மாதங்களில் உங்கள் விளக்கை அணைத்தே வையுங்கள்.

பராமரிப்பு?

வசந்தத்தில் ஒருமுறை மென்சோப்பு நீரில் கழுவி, இணைப்புகளைப் பாருங்கள். பிளவு கண்ட இடத்தில் அன்றே சீலன்ட் வைத்துவிடுங்கள். தெற்குப் பக்கம் முதலில் மங்கும், சிவப்பு மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வெளுக்கும். குளிர்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி மரத்தைத் தின்றுவிடும். சுற்று மாடத்தில் தங்கும் பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும்.

வீடு மாறும்போது எடுத்துப் போக முடியுமா?

முடியும். ஹட்டராஸே இடம் மாறியிருக்கிறது. கட்டியபோது கடலிலிருந்து 1,500 அடி தள்ளியிருந்தது. நூறு ஆண்டுகளில் அலை கரையை அரித்து 120 அடியில் வந்து நின்றது. 1999-இல் அந்தச் செங்கல் கோபுரத்தை முழுதாகத் தூக்கி, தண்டவாளத்தின் மேல் மெல்ல நகர்த்தி, 2,900 அடி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உங்கள் மாதிரிக்கு அவ்வளவு பாடு இல்லை. விளக்கறையைக் கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். மின்கம்பியை அடியிலேயே பிரிக்கும் இணைப்பாக முதலிலேயே போட்டிருந்தால் வேலை சுலபம். உடலைப் படுக்க வைத்துக் கொண்டுபோவதானால் சுற்று மாடத்தின் விளிம்பு தரையில் படாதபடி, உடலின் கீழ் இரண்டு இடத்தில் மெத்தை கொடுங்கள். எடை முழுவதும் விளிம்பில் இறங்கினால் அதுதான் முதலில் உடையும்.